மூன்றாம் ஓலை

18 ஏப்ரல் 1993, ஞாயிறு

காலையில் வேதத்தில் நான்கு அதிகாரம் வாசித்தேன். கோயிலுக்குப் போகும் வழியில் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. நூலால் கட்டிக்கொண்டேன்.

இன்று ஆராதனையில் பியூலாவின் கல்யாண ஓலையை வாசித்தார்கள். முதல் ஓலை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் குருவானவர் எல்லோர் முன்பும் வாசிப்பார். தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் நிறுத்துவார். அறுபது வருஷத்தில் ஒருத்தரும் எழுந்து சொல்லி நான் பார்த்ததில்லை. பெண்ணைப் பெற்றவள் என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று பார்ப்பதற்குத்தான் அந்த நேரம்.

பெற்றவள் தங்கபுஷ்பம், அரக்குச் சேலை கட்டியிருந்தாள். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. புருஷன் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே மகளை வளர்த்தவள். மாப்பிள்ளை ராபின்சன், கீழப்பனைவிளைக்காரன், மின்சார வாரியத்தில் வேலை. இவனை எனக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் எப்சியைப் பார்க்க வந்து, நான் சுட்ட முறுக்கில் ஆறு தின்றுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்து போனவன். இன்னும் சொல்லியனுப்பவில்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

எப்சி என் தம்பி மகள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, நான் வளர்த்தவள், இருபத்தேழு வயது ஆகிறது. பாடகர் குழுவில் நின்று, ஓலை வாசிக்கும்போது பியூலாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண ரவிக்கைக்குப் பாசிமணி இவள்தான் கோத்துக் கொடுக்கப்போகிறாளாம். வெட்கம் கெட்டவள்.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் கூப்பிட்டார். "டீச்சர், மே ரெண்டாம் தேதி பெண்கள் ஞாயிறு. பிரசங்கச் செய்தி நீங்கதான் கொடுக்கணும். தலைப்பு, விசுவாசத்தினால் நீதி."

முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு தலைப்பா. நம்முடைய நல்ல காரியங்களால் நாம் நீதிமான்கள் ஆவதில்லை, கிறிஸ்துவை நம்புகிறதினால் நீதிமான்களாக எண்ணப்படுகிறோம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

19 ஏப்ரல், திங்கள்

ஐந்து அதிகாரம். கிணற்று மோட்டார் ஓடவில்லை. தென்னைக்குக் குடத்தில்தான் ஊற்றினேன்.

ஊற்றும்போது பழைய நினைவு ஒன்று வந்தது. பியூலா ஏழாவது படிக்கும்போது என் வீட்டுக்குக் கணக்கு டியூஷனுக்கு வருவாள். ஒரு நாள் மற்றப் பிள்ளைகள் போன பிறகு, வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துவிடக் கூடாதென்று நான் விரலை வாய்க்குள் கொடுத்தேன். அப்படிச் செய்யக் கூடாதென்று பிறகு டாக்டர் என்னைத் திட்டினார். வலது ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தங்கபுஷ்பம் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், யாரிடமும் சொல்லக் கூடாதென்று. வாக்குக் கொடுத்தேன். பதினோரு வருஷம் ஆகிறது, எப்சியிடம்கூடச் சொல்லவில்லை. என் வாய் அப்படிப்பட்ட வாய்.

ஆனால் கல்யாணம் என்று வரும்போது மறைப்பது சரியா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பொதுவாகச் சொல்கிறேன்.

20 ஏப்ரல், செவ்வாய்

கண்ணாடி மாற்றத் திருநெல்வேலி போய் வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

21 ஏப்ரல், புதன்

ஆறு அதிகாரம்.

எப்சி காப்பியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அத்தை, கண்ணாடி மாத்தத்தான போனிய? நூலு அப்படியே இருக்கு."

கடை பூட்டியிருந்தது என்றேன். நான் போன நேரத்தில் பூட்டித்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருப்பான். காத்திருக்கப் பொறுமையில்லை, பஸ் ஏறிவிட்டேன்.

செய்திக்கு முதல் பக்கம் எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. கருத்துதான் வரவில்லை.

24 ஏப்ரல், சனி

இன்று கைப்பிடி அரிசி நாள். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் நானும் தங்கபுஷ்பமும் சாக்கோடு போய் வாங்கி வருவோம். எட்டு வருஷமாக இந்த ஜோடிதான். நான் நோட்டில் வீட்டுப் பெயரைக் குறிப்பேன், அவள் சாக்கைப் பிடிப்பாள்.

வழியெல்லாம் அவளுக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளைக்கு மீன் குழம்பு பிடிக்குமாம், அவன் அம்மாவுக்கு மூட்டுவலியாம். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். நெஞ்சில் ஏதோ அடைத்தது. பசியாக இருக்கும்.

திரும்பி வரும்போது அவள் வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் தாய்மாமா நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. மோரும் வேண்டாமென்றார். பையிலிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

மொட்டைக் கடிதம். பெண்ணுக்கு வலிப்பு உண்டென்று எழுதியிருக்கிறதாம்.

தங்கபுஷ்பம் அதை வாசித்தாள். மடித்துக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், அரிசிச் சாக்க நீங்களே கோயில்ல சேத்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாக்கை நானே இழுத்துக்கொண்டு போனேன். கனமாகத்தான் இருந்தது.

25 ஏப்ரல், ஞாயிறு

இரண்டாம் ஓலை. குருவானவர் வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

பியூலா கோயிலுக்கு வரவில்லை. மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம், நாங்கள் விசாரித்துச் சொல்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் குருவானவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். மூன்றாம் ஓலை வாசிக்காவிட்டால் மே ஆறாம் தேதிக் கல்யாணம் நடக்காது. ஓலை வாசித்து நின்றுபோன கல்யாணம் என்றால் அந்தப் பெண்ணை வேறு யாரும் வந்து கேட்கவும் மாட்டார்கள்.

இதெல்லாம் கடிதம் எழுதினவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

26 ஏப்ரல், திங்கள்

மாப்பிள்ளையின் அம்மா ஞானப்பூ என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், நீங்க கோயில்ல நின்னு வசனம் சொல்லுதவிய. உங்க வாயில பொய் வராதுன்னு ஊரே சொல்லுது. அந்தப் பிள்ளை உங்கட்ட படிச்ச பிள்ளை. அதுக்கு வலிப்பு உண்டா, இல்லையா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

உண்டு என்றால் வாக்குத் தவறியவள். இல்லை என்றால் பொய் சொன்னவள். இரண்டும் ஆகாமல் ஒரு பதில் கண்டுபிடித்தேன்.

"ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

அவர்கள் என்னையே பார்த்தார்கள். கண் கலங்கிவிட்டது. "புரிஞ்சிட்டு டீச்சர்" என்று எழுந்துகொண்டார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. வாக்கும் தவறவில்லை. படியிறங்கும்போது அவர்கள் கையைப் பிடித்து இறக்கியும் விட்டேன்.

எப்சி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் வரை என்னோடு ஒன்றும் பேசவில்லை.

27 ஏப்ரல், செவ்வாய்

ஒன்பது அதிகாரம். கண்தான் ஓடியது.

முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இன்று காலை பல் விளக்கும்போதுதான் ஒரு கழித்தல் கணக்கு தெரிந்தது. பியூலா விழுந்ததைப் பார்த்தவர்கள், அறிந்தவர்கள் இந்த ஊரில் மூன்று பேர். பியூலா, அவள் அம்மா, நான். அவர்கள் இரண்டு பேரும் தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மூன்றில் இரண்டு போனால் ஒன்று.

கடிதத்தை இடது கையால் எழுதினேன். திருநெல்வேலி வரை போய்ப் பெட்டியில் போட்டேன். இதை யோசிக்கவில்லை.

எழுதிவிட்டேன். இந்த நோட்டில்கூட ஒரு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆமாம், நான்தான் எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரு குடும்பத்தை இருட்டில் வைத்துக் கல்யாணம் முடிப்பது தப்பு, உண்மையைச் சொல்வது தப்பில்லை. பெயர் போடாதது தங்கபுஷ்பத்துக்குக் கொடுத்த வாக்குக்காக.

இப்போது வாசித்துப் பார்த்தால் கடைசி வரி சரியாக இல்லை.

பதினோரு மணிக்குத் தங்கபுஷ்பம் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் நுங்கு வந்தது. வருஷாவருஷம் முதல் வெட்டு நுங்கு எனக்கு வரும். இந்த வருஷமும் வந்திருக்கிறது. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் எப்படி அனுப்புவாள்? தெரியாமல் எப்படி இருக்கும்? நுங்கை வாயில் வைக்க முடியவில்லை. எப்சி தின்றாள்.

28 ஏப்ரல், புதன்

உபவாசம் இருந்தேன். மத்தியானம் பெட்டியைத் திறந்து என் அம்மாவின் கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையை எடுத்தேன். எப்சிக்கென்று வைத்திருந்தது. அதைக் கொண்டுபோய்த் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்து, பியூலாவுக்கு என்றேன்.

"இப்ப எதுக்கு டீச்சர்? கல்யாணமே நடக்குமான்னு கெடக்கு."

"நடக்கும், வச்சுக்கோ."

அவள் அதை வாங்கி மிஷின் மேல் வைத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. பியூலா தரையில் உட்கார்ந்து ஒரு பாவாடையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல், உண்மை என்றைக்காவது வெளியே வரத்தானே செய்யும், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன்.

பியூலா தலையைத் தூக்கினாள். "சொல்லிட்டேனே டீச்சர். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவியட்ட தனியாச் சொல்லிட்டேன். பதினாறு வயசுல மாத்திர நிப்பாட்டினாவ, ஏழு வருஷமா ஒண்ணும் இல்லைன்னு ஆஸ்பத்திரிச் சீட்டக்கூட காமிச்சேன். அவிய சரின்னுட்டாவ. அவிய அம்மாட்ட மெதுவாச் சொல்லுதேன்னாவ. அதுக்குள்ள காயிதம் போயிட்டு. காயிதத்தப் பாத்து அவிய அம்மா ஒரே அழுகையாம், அவிய இன்னும் வாயத் தொறக்கலையாம்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. உண்மையைச் சொல்கிறேன் என்று நான் எழுதின கடிதம். அந்த உண்மை சொல்ல வேண்டியவளால், சொல்ல வேண்டியவனுக்கு, எப்போதோ முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டுவிட்டது. அப்படியானால் நான் எழுதினது எதற்கு?

29 ஏப்ரல், வியாழன்

செய்தி எழுத உட்கார்ந்தேன். எழுதின ஒன்பது தாளையும் கிழித்தேன். பிறகு திரும்ப ஒன்பது தாள் எழுதினேன். இன்றும் சாப்பிடவில்லை. கோயில் தரையை நானே போய்க் கழுவினேன். கோயில் பெருக்குகிற ஆசீர் பதறிப்போய், தன் வேலையில் ஏதும் குறையா என்று கேட்டான்.

30 ஏப்ரல், வெள்ளி

எப்சி இன்று வாயைத் திறந்தாள். நான் மூன்றாம் நாளாகச் சோற்றைத் தள்ளி வைத்ததும் தட்டை எடுத்து மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை, மேசை டிராயர்ல ரெண்டு இன்லண்ட் இருந்திச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

நான் கண்ணாடியைக் கழற்றி நூலை இறுக்கிக் கட்டினேன்.

"எனக்காகவா எழுதினிய?"

யாருக்காகவும் இல்லை, உண்மைக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அவிய என்னய வேண்டாம்னு போனது எனக்கு நாலு நாள்ல போயிட்டு. உங்களுக்குத்தான் இன்னும் போவல. ஒவ்வொரு மாப்பிள்ளையும் போம்போது நீங்க என்னயப் பாக்கிற பார்வை இருக்குல்லா, அதத்தான் என்னால தாங்க முடியல. இப்ப பியூலா முகத்துல நான் எப்படி முழிக்க?"

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கடைசியாக நான் எப்போது அழுதேன் என்று தெரியவில்லை.

பொறாமை. வேறு ஒன்றுமில்லை. என் முறுக்கைத் தின்றுவிட்டு என் பிள்ளையை வேண்டாமென்று போனவன், மூன்று வீடு தள்ளி, வலிப்பு வந்த ஒரு பிள்ளையைச் சிரித்துக்கொண்டே கட்டிக்கொள்கிறான். எங்கள் எப்சிக்கு என்ன குறை? அந்த ஆத்திரத்துக்கு உண்மை என்று பெயர் வைத்து, தபால் பெட்டியில் போட்டேன்.

1 மே, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

அரிசி வாங்கப் போக வேண்டிய நாள். தங்கபுஷ்பம் வரமாட்டாள் என்று நினைத்தேன். ஏழு மணிக்குச் சாக்கோடு வாசலில் நின்றாள். வடக்குத் தெரு முடித்து, பனங்காட்டு ஓரமாக மேலத் தெருவுக்குப் போகும்போது நின்றுவிட்டேன்.

"தங்கபுஷ்பம், அந்தக் கடிதம் நான்தான் எழுதினேன்."

அவள் சாக்கை இறக்கி மணலில் வைத்தாள். "தெரியும் டீச்சர்."

"எப்ப இருந்து?"

"அவுக மாமா காயிதத்த நீட்டும்போதே தெரியும். வேற யாருக்கு டீச்சர் தெரியும்?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல? நுங்கு வேற அனுப்பியிருக்க."

"முதல் ரெண்டு நாளு உங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்தணும்னுதான் இருந்திச்சு" என்றாள். "தெரு முக்கு வரைக்கும் வந்துட்டேன். கையில மண்ணும் எடுத்துட்டேன். பின்ன கீழ போட்டுட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம் மிஷின்ல உக்காந்து அழுதேன். அழுது முடிச்சதும், மன்னிச்சிட்டேன் ஆண்டவரேன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். மறுநா காலையில நுங்கு வெட்டினாவ, அனுப்பினேன்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க வாயத் தொறக்கிறதுக்கு முன்னால நான் போய், உங்கள மன்னிச்சிட்டேன்னு சொன்னா, அது ஏசின மாரில்லா இருக்கும்."

என் விரல் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அதுக்காக இல்ல டீச்சர். அன்னைக்கு விரலக் குடுத்தத வச்சு இதக் கழிச்சுக்கிட்டேன்னு நெனைக்காதிய. அதுக்கும் இதுக்கும் கழிக்க முடியாது."

"அப்ப நான் என்ன செய்ய? நாளைக்குக் கோயில்ல எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லிர்றேன்."

இதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "சொல்லிராதிய. உங்க மனசு லேசாயிரும். என் பிள்ள வலிப்பு மறுபடியும் ஊர் வாயில கெடக்கும். உங்க பாரத்த எறக்கி வைக்க எம்பிள்ள தலதானா கெடச்சிச்சு? அந்தச் சேலையையும் வந்து எடுத்துட்டுப் போங்க. அது எப்சிக்கு உள்ளது. இப்படி எதையாவது குடுத்துச் சரிக்கட்டப் பாக்காதிய. சரிக்கட்ட முடியாது. நான் விட்டுட்டேன், நீங்க வாங்கிக்கிட்டுப் பேசாம இருங்க."

அப்படியொரு கடுமையான மன்னிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பதில் நான் ஏதாவது செய்திருப்பேன். இதற்குப் பதில் செய்ய ஒன்றுமில்லை.

"இன்னும் நாலு வீடு இருக்கு" என்று சாக்கைத் தூக்கினாள். நாலு வீட்டிலும் வாங்கினோம். நோட்டில் பெயரைக் குறித்தேன்.

பத்தரை பஸ்ஸில் கீழப்பனைவிளைக்குப் போனேன். ஞானப்பூ அம்மா திண்டில் சாய்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். நான் எழுதினேன், பொறாமையில் எழுதினேன், ஜெபம் பண்ணுங்கள் என்று நான் சொன்னது அயோக்கியத்தனம் என்றேன். அவர்கள் வெகுநேரம் எண்ணெய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா டீச்சர்?"

"நான்தான்."

"அப்ப அது பொய்யா?"

இங்கேதான் நான் ஆசைப்பட்டேன். பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் நாளைக்கு அது பியூலாவின் கழுத்தைத்தான் பிடிக்கும். "பொய்யில்லை. சின்ன வயசில் இருந்தது. பதினாறு வயசோடு போய்விட்டது, டாக்டர் சீட்டு இருக்கிறது. அவள் உங்கள் மகனிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். என்னைவிட அந்தப் பிள்ளை உண்மையானவள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர்கள் திரும்ப முட்டிக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார்கள். காப்பி குடிக்கச் சொல்லவில்லை. நான் படியிறங்கும்போது என் கையை யாரும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் குருவானவரிடம் போய்ச் சொன்னேன். நாளைக்குச் செய்திக்கு வேறு யாரையாவது பாருங்கள், எனக்குத் தகுதி இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலைப்பு என்ன டீச்சர்?"

"விசுவாசத்தினால் நீதி."

"அதுல தகுதி உள்ளவங்கதான் பேசணும்னா நான் எந்த ஊர்ல போய் ஆள் தேட? நீங்களே பேசுங்க. சுருக்கமாப் பேசுங்க."

ஓலை என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாளை ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிப்பதற்குள் தகவல் வந்தால் வாசிப்பேன், வராவிட்டால் இல்லை என்றார்.

2 மே, ஞாயிறு

முதல் மணி அடித்தது. யாரும் வரவில்லை. தங்கபுஷ்பம் அதே அரக்குச் சேலையில், பக்கத்தில் பியூலாவோடு உட்கார்ந்திருந்தாள். தைரியம்தான். நான் அவர்கள் வரிசையில் உட்கார அஞ்சிப் பின்னால் போனேன். எப்சி பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்து, என் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவர்கள் வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது வெளியில் ஒரு மோப்பெட் சத்தம். திரும்பிப் பார்க்கக் கூடாதென்று முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி நின்றது. யாரோ முட்டியைத் தாங்கித் தாங்கி நடந்து வருகிற சத்தம் மட்டும் கேட்டது. ஞானப்பூ அம்மா எங்கள் வரிசைக்கு வந்து, என்னைத் தாண்டிப் போய், பியூலாவைத் தள்ளி உட்காரச் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. பியூலாவின் தலையில் சரிந்திருந்த முக்காட்டை இழுத்துவிட்டார்கள். ராபின்சன் ஆண்கள் பக்கம் தூண் ஓரமாக நின்றுகொண்டான்.

குருவானவர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் என்று நிறுத்தினார். மின்விசிறி ஓடுகிற சத்தம். எனக்கு இருமல் வரவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்பது தாளையும் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனேன். பேசினது எனக்கு நினைவிருக்கிற மட்டும் இது.

"நான் கணக்கு டீச்சர். வெறும் தாளை மடித்துக் கொடுத்த பிள்ளைக்கு முட்டைதான் போடுவேன். இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்குப் போட்டிருக்கிறேன். கடவுள் வெறும் தாளை வாங்கிக்கொண்டு தம்முடைய குமாரனின் மார்க்கை அதில் போடுகிறார் என்று உங்களுக்கு முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். நடத்தினேனே தவிர, எனக்கு அந்தப் பாடம் பிடிக்காது. என் தாளில் நான் நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் என் தாளை எடுத்து நானே வாசித்துப் பார்த்தேன். அது வெறும் தாளாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. இனி எனக்கு வேறு வழியில்லை. அவர் போடுகிற மார்க்கைத்தான் நம்ப வேண்டும்."

நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வந்து உட்கார்ந்தேன். முன் வரிசையிலிருந்த மூக்கம்மாள் திரும்பி, "நல்லா தாழ்மையாப் பேசினிய டீச்சர்" என்று கிசுகிசுத்தாள். இனி இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். என்னைப் பற்றி ஊர் நினைப்பதும், நான் அறிந்ததும் சாகும்வரை ஒன்றாகப் போவதில்லை. அதையும் வெளியே சொல்லி இறக்கி வைக்க எனக்கு உத்தரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து நாள். வரிசை வரிசையாக எழுந்து பீடத்து முன்னால் போய் முழங்கால் போட்டார்கள். எங்கள் வரிசை வந்தது. ஞானப்பூ அம்மா எழுந்தார்கள். பியூலா எழுந்தாள். நான் எழவில்லை. இன்று வேண்டாம், இன்னும் ஒரு மாதம் போகட்டும், ஏதாவது செய்து கொஞ்சம் சுத்தமாகிக்கொண்டு வரலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

தங்கபுஷ்பம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க டீச்சர். நம்ம வரிசை வந்துட்டு."

போனேன். அவள் பக்கத்தில்தான் முழங்கால் போட இடம் இருந்தது. வலது உள்ளங்கையை இடது கையின் மேல் வைத்து நீட்டினேன். ஆள்காட்டி விரலில் தழும்பு இருந்தது. கையில் வேறு ஒன்றும் இல்லை. குருவானவர் அப்பத்தை வைத்துவிட்டு அடுத்த கைக்குப் போனார்.

இன்று அதிகாரம் ஒன்றும் வாசிக்கவில்லை. மத்தியானம் எப்சி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.